தனி ஆளாக ஸ்பெயினில் நடக்க எந்த ஊர்: சரகோசாவா, சமோராவா, குவெங்காவா?

மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கும் திட்டம் போட்டாகிவிட்டது. இடையில் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது. கூட வர யாரும் இல்லை. அந்த நாட்களை எந்த ஊரில் கழிக்கலாம்? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் டொலேடோ அல்லது செகோவியா என்றுதான் பதில் வரும். இரண்டும் அருமையான ஊர்கள், மறுக்கவில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு மாட்ரிட் பேருந்துகள் வந்து நின்ற பிறகு, குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டிகளின் பின்னால்தான் அங்கே நகர முடியும். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஊரில் காலாற நடக்க வேண்டும் என்றால் பட்டியலே வேறு.

என் பட்டியலில் மூன்று ஊர்கள்: சரகோசா, சமோரா, குவெங்கா. காசெரெஸைப் பற்றியும் நடுவில் கொஞ்சம் சொல்கிறேன். லூகோவையும் சேர்க்க ஆசைதான். அங்கே ரோமானியர் கட்டிய கோட்டைச் சுவரின் மேலேயே ஏறி, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, பழைய ஊரை முழுச் சுற்று சுற்றி வரலாம். ஆனால் அது வடமேற்கு மூலையில் இருக்கிறது. இரண்டு நாள் பயணத்தில் போக வரவே பாதி நேரம் கரைந்துவிடும், விட்டுவிட்டேன்.

ஊர்களை ஒப்பிடும்போது பார்க்க என்னென்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். தனியாகப் போகிறவருக்கு அது இரண்டாவது கேள்வி. பகல் எந்த ஊரிலும் ஓடிவிடும். சாயங்காலத்தைத்தான் யோசிக்க வேண்டும். ஸ்பெயினின் நேரக் கணக்கு அப்படி. மதியம் இரண்டு மணி வாக்கில் சின்ன ஊர்களில் கடைகள், தேவாலயங்கள், சிறிய அருங்காட்சியகங்கள் எல்லாம் கதவைச் சாத்திவிடும். மறுபடி திறக்க ஐந்து மணி ஆகும். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்ற வைக்க எட்டரை, ஒன்பது. கூட ஆள் இருந்தால் ஒரு காபியை வைத்துக்கொண்டு அரட்டையிலேயே இந்த நேரத்தை ஓட்டிவிடலாம். தனி ஆளுக்கு அது நீளமான நேரம். அப்புறம் ஒன்பது மணிக்கு உணவகத்துக்குள் நுழைந்தால், அரிசிச் சாப்பாட்டுக்கு நேராக ‘குறைந்தது இரண்டு பேருக்கு’ என்று அச்சிட்டிருப்பார்கள். பயேயா சாப்பிடலாம் என்று வந்தவர் ஆம்லெட்டோடு எழுந்து போக வேண்டியதுதான்.

அதனால் நான் மதிப்பெண் போடுவது ஒரு ஊர் இந்த மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரையான நேரத்தை எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். பார்க்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கைக்கு அடுத்த இடம்.

முதலில் குவெங்கா. படத்தில் பார்த்தவுடன் மயங்க வைக்கிற ஊர் இதுதான். ஹூகார், வேகார் என்ற இரண்டு ஆறுகள் பாறையை அறுத்துக்கொண்டு ஓட, நடுவில் எஞ்சிய ஒடுக்கமான முகட்டில் பழைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. விளிம்பில் மரத்தாலான மாடங்கள் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் தொங்கும் வீடுகள்தான் ஊரின் அடையாளம். எனக்கு அவற்றைவிட வியப்பாக இருந்தது பக்கத்துத் தெருக்காரர்களின் வீடுகள்தான். தெருப் பக்கம் நின்று பார்த்தால் மூன்று நான்கு மாடி. அதே கட்டடத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் பத்து மாடிக்கு மேல் இறங்கி வருகிறது. உள்ளூர்க்காரர்கள் அவற்றை வானுயரக் கட்டடங்கள் என்றே அழைக்கிறார்கள்.

தொங்கும் வீடுகளுக்குள் ஸ்பானிய அரூப ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது. மணிலாவில் பிறந்த ஓவியர் பெர்னாண்டோ சோபெல் 1966ல் தொடங்கியது. ஓவியத்தில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வோர் அறையின் ஜன்னலுக்கு வெளியேயும் பாறை எட்டிப் பார்க்கிறது. அவர் பெயரைத்தான் அதிவேக ரயில் நிலையத்துக்கும் வைத்திருக்கிறார்கள். மாட்ரிடிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நிலையம் ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் நிற்கிறது. பேருந்து பிடித்துத்தான் வர வேண்டும். வந்த பிறகும் எல்லாமே ஏற்றம். சக்கரம் வைத்த பெட்டியை அந்தக் கல் பாவிய தெருவில் இழுத்துப் பாருங்கள், தெரியும்.

பள்ளத்தாக்கைக் கடக்க சான் பாப்லோ பாலம் இருக்கிறது. கல்லால் கட்டிய பழைய பாலம் இடிந்த பிறகு 1902ல் இரும்பில் போட்டது. காலடியில் மரப்பலகை, இரண்டு பக்கமும் கம்பி, கீழே எங்கோ ஆறு. உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் எதிர்ப்பக்கம் போக வேறு வழி பார்க்கலாம்.

பகலுக்குக் குறையே இல்லை. சாயங்காலம்தான் இந்த ஊர் தோற்கிறது. மாட்ரிடிலிருந்து காலையில் வந்தவர்கள் மாலை ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் கீழே புது ஊரில் வசிக்கிறார்கள், அவர்களின் சாயங்காலமும் அங்கேதான். மேலே பிளாசா மயோர் என்ற நடுச் சதுக்கத்தைச் சுற்றி நாலைந்து கடை வெளிச்சம் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த அமைதிக்காகவே போகிறவர்கள் உண்டு. எனக்கு இது காலையில் போய் சாயங்காலம் திரும்ப ஏற்ற ஊர். மாட்ரிடிலிருந்து வலென்சியா போகிறவர்களுக்கு வழியிலேயே வருவதால் இன்னும் வசதி.

காசெரெஸைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கோட்டைச் சுவருக்குள் ஒரு முழு இடைக்கால ஊர் அப்படியே இருக்கிறது. பிரபுக்கள் ஆளுக்கொரு கோபுரம் கட்டி ஒருவரோடொருவர் சண்டை போட, பொறுக்க முடியாத அரசி இசபெல்லா கோபுரங்களின் தலையை வெட்டச் சொன்னார். தப்பிய கோபுரம் நாரைக் கோபுரம். இன்றைக்கும் ஊரெங்கும் கூரைகளில் நாரைகள் கூடு கட்டி அலகைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. இரவில் சுவருக்குள் நடப்பது போல ஸ்பெயினில் வேறெங்கும் இல்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் மாட்ரிடிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அங்கிருந்து மெரிதா, செவில் என்று தெற்கே இறங்குகிறவர்களுக்கு நல்ல தங்கல். போய்விட்டு மாட்ரிடுக்கே திரும்புவதற்கு வீண் அலைச்சல்.

இப்போது சமோரா. மூன்றில் யாரும் கேள்விப்படாத ஊர் இது. எனக்கு நெருக்கமானதும் இதுதான். துவேரோ ஆற்றின் வடகரையில், பாறை மேட்டில், சுமார் அறுபதாயிரம் பேர் வாழும் சின்ன நகரம். மாட்ரிடின் சமார்த்தின் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் வாக்கில். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போய்விடலாம், இருபது நிமிடம். பெரும்பாலும் சாந்தா கிளாரா தெரு வழியாக, வண்டிகள் வராத நடைபாதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய, வளைவும் நெளிவுமான முகப்புகள் கொண்ட வீடுகள் வழியெல்லாம். தெருவின் மறுமுனைக்கு வரும்போது எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் பின்னால் போயிருப்போம்.

இந்த ஊரின் சொத்து ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்கள். இருபதுக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பாலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை என்பது ஐரோப்பாவிலேயே அபூர்வம். பார்சிலோனாவின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. குள்ளமான, தடித்த சுவர்கள், கை அகல ஜன்னல்கள், உள்ளே அரை இருட்டு. அவசரமில்லாத ஆளுக்குத்தான் இவை வாய் திறக்கும். லா மக்தலேனா தேவாலயத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். வளைவு முழுக்க இலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், உற்றுப் பார்த்தால் இலைகளுக்கு இடையே சின்னச் சின்ன மனித முகங்கள். உள்ளே ஒரு பெண்ணின் கல்லறை. மேலே விதானம், அவள் உயிரைத் தூக்கிச் செல்லும் தேவதைகள் என்று அவ்வளவு வேலைப்பாடு. யார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டமாக வந்தால் இரண்டு நிமிடத்தில் படமெடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். தனியாக இருந்ததால் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு இருந்த பெரியவர் எதுவும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் ஒருமுறை போட்டுக் காட்டினார்.

தெரு கோட்டைப் பக்கம் போய் முடிகிறது. அங்கே 1151ல் தொடங்கிய பேராலயம். அதன் கோபுரக் கூரையில் மீன் செதில் மாதிரிக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள், அடியில் வட்டமாகப் பதினாறு ஜன்னல்கள். காஸ்டீலியச் சமவெளியில் கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) சாயல் எப்படி வந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைத் தாண்டிக் கோட்டைச் சுவரில் ஒரு சின்ன வாசல். 1072ல் காஸ்டீலிய அரசன் இரண்டாம் சாஞ்சோ, தன் அக்கா உர்ராகாவின் கையிலிருந்த இந்த ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தான். உள்ளேயிருந்து வந்த வெயிதோ தோல்ஃபோஸ் என்ற வீரன் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு இந்த வாசல் வழியாகத்தான் ஓடி வந்தான் என்பது கதை. காஸ்டீலியக்காரர்களுக்கு அவன் துரோகி, வாசலுக்கும் துரோக வாசல் என்றே பெயர். சமோராக்காரர்களுக்கு அவன் ஊரைக் காத்தவன். 2010ல் நகராட்சி அதை விசுவாச வாசல் என்று மாற்றிவிட்டது. தொள்ளாயிரம் வருடத்து வம்பை விடாமல் வைத்திருந்து பெயர்ப்பலகையில் தீர்த்துக்கொண்ட ஊர்! அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் ஒலிவாரெஸ் நீர்மில்கள், அப்புறம் கரையோரமாகவே கற்பாலம் வரை நடை.

சரி, சாயங்காலம்? மதியம் தேவாலயங்கள் எல்லாம் பூட்டு. ஆற்றங்கரை நடையை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்தால் சமாளிக்கலாம், வெயில் காலத்தில் அதுவும் கஷ்டம். ஆறேழு மணிக்கு மேல் சாந்தா கிளாராவில் ஊரே உலாவ வரும். தாத்தா பாட்டிகள் கைகோத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் மறுபடி திரும்புவார்கள். நாமும் கலந்துகொள்ளலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் முதல் நாள் அழகாக இருப்பது இரண்டாம் நாள் அதே தெருதான், அதே முகங்கள்தான். திங்கட்கிழமை என்றால் பல இடங்கள் நாள் முழுக்கப் பூட்டு. ஆங்கிலம் பேசும் ஆள் கிடைப்பதும் அரிது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் ஊர் தலைகீழாக மாறும். முகமூடியும் நீள அங்கியும் அணிந்த ஊர்வலங்கள், மௌன விரதச் சடங்கு என்று ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அறை கிடைக்காது.

சரகோசா இந்த இரண்டுக்கும் நேரெதிர். ஆறரை லட்சத்துக்கு மேல் மக்கள், நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்று. ஆனாலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இது ரயில் ஜன்னல் வழியே கடந்து போகும் பெயர்ப்பலகை மட்டும்தான். மாட்ரிட் - பார்சிலோனா அதிவேகப் பாதையில் நட்ட நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள். அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயோடு வீகோ, இர்யோ என்று போட்டி நிறுவனங்களும் இதே பாதையில் ஓடுவதால் முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட்டும் மலிவு. இரண்டு நகரங்களையும் எப்படியும் பார்க்கப் போகிறவருக்குச் சுற்று வழி என்ற பேச்சே இல்லை.

நடைக்கும் ஊர் ஒரு நேர்கோட்டில் அமைந்திருக்கிறது. தெலீசியாஸ் ரயில் நிலையம் மேற்கே. அங்கிருந்து ஊருக்குள் வரும் வழியில் அல்ஹஃபெரியா அரண்மனை. 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் மன்னர்கள் கட்டியது, பிறகு கிறிஸ்தவ அரசர்களின் மாளிகை, பிறகு மதவிசாரணைச் சிறை, படை முகாம், இப்போது அரகோன் மாநிலச் சட்டமன்றம். கிரனாடாவின் புகழ்பெற்ற அல்ஹம்பிரா அரண்மனையைவிட மூத்தது. அங்கே மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்போது, இங்கே பின்னிப் பிணைந்த வளைவுகளுக்கு அடியில் ஆரஞ்சு மரங்களைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம். சட்டமன்றம் கூடும் நாட்களில் பார்வை நேரம் மாறும், அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 1903ல் திறந்த இரும்புக் கூரைச் சந்தை, பக்கத்தில் ரோமானியச் சுவரின் மிச்சம், அப்புறம் பிலார் சதுக்கம். அங்கங்கே நின்று நின்று போனாலும் அரை நாள் நடைதான்.

பிலார் பேராலயத்துக்குள் இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, அந்த மாதா சிலை. இவ்வளவு பெரிய கோயிலின் மூலவர் ஒரு முழத்துக்கும் குறைவான மரச்சிலை. நிற்பது ஒரு கல் தூணின் மேல். தினம் ஒரு மேலங்கி சாத்துகிறார்கள், மாதத்தில் 2, 12, 20 ஆகிய தேதிகளில் மட்டும் மேலங்கி இல்லாமல் தூண் முழுதும் தெரியும். சன்னதிக்குப் பின்பக்கம் தூணின் ஒரு சிறு பகுதியை முத்தமிடத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் பார்த்துப் பழகியவருக்கு அந்த வரிசையில் நிற்கும்போது எதுவும் அந்நியமாகத் தோன்றாது. சிலையின் உயர அளவுக்கே வெட்டிய வண்ண ரிப்பன்களை வாங்கிப் போய் உள்ளூர்க்காரர்கள் கார் கண்ணாடியில் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு, 1936 ஆகஸ்டில் உள்நாட்டுப் போரின்போது இந்தக் கோயில் மேல் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகள். உள்ளேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியே அண்ணாந்தால் ஓவியர் கோயா தீட்டிய விதானம். இந்த மண்ணில் பிறந்தவர்தான், ஆனாலும் அந்த வேலையில் மைத்துனர் பயேவோடும் கோயில் நிர்வாகத்தோடும் சண்டை போட்டுக்கொண்டு 1781ல் மாட்ரிடுக்குத் திரும்பிவிட்டார்.

மதியம் மற்ற இடங்கள் பூட்டியிருக்கும்போதும் பிலார் திறந்தே இருக்கிறது என்பது என் கணக்கில் பெரிய விஷயம். பெரிய நகரம் என்பதால் கடைத்தெருவும் ஓயாது, டிராம் பிடித்துப் பெரிய பூங்காவுக்குப் போய் மர நிழலில் படுக்கலாம். ஏழு மணிக்கு மேல் கற்பாலத்தின் நடுவில் நின்றால் எப்ரோ ஆற்றில் பிலாரின் கோபுரங்கள் தலைகீழாகத் தெரியும். பாலத்தின் முனைகளில் வெண்கலச் சிங்கங்கள். சதுக்கத்தில் பத்து மணிக்கும் குழந்தைகள் பந்து உதைத்துக்கொண்டிருக்கும், ஓரத்தில் பாட்டிகள் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம். இருட்டிய பிறகு யார் தெருவில் இருக்கிறார்கள் என்பதுதானே கேள்வி.

அப்புறம் எல் தூபோ. நான்கைந்து ஒடுக்கமான சந்துகள், முழுக்கத் தாபாஸ் எனும் சிறு தீனிக் கடைகள். இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் குறைவு, நின்றபடியே ஒரு துண்டு, ஒரு கோப்பை, அடுத்த கடை. தனி ஆளுக்கு மேசை கேட்கும் சங்கடமே வராது, ஏனென்றால் மேசையே இல்லை. ஒரு கடையில் காளான் மட்டும்தான். தட்டைக் கல்லில் வாட்டி, பூண்டு எண்ணெய் ஊற்றி, ரொட்டி மேல் அடுக்கிக் குச்சி குத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். எண்ணெய் மணிக்கட்டு வரை வழியும். பக்கத்தில் நிற்பவர் சிரித்துக்கொண்டே துடைப்புத்தாளை நகர்த்துவார், பேச்சு ஆரம்பித்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பெயினில் ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் சூரை மீனோ பன்றித்தொடைத் துணுக்கோ தூவிய தட்டு வந்து நிற்கும், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. குவெங்காவின் பெருமை செம்மறிக் குடலைக் குச்சியில் சுற்றி வறுப்பது. சமோராவில் செம்மறிப் பால்கட்டியும் கொண்டைக்கடலையும் கைகொடுக்கும், கடலையில் என்ன எலும்பு போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சரகோசாவில் போர்ராஹா என்றொரு கீரைத்தண்டு உண்டு. உருளைக்கிழங்கோடு வேகவைத்து மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். அரகோனுக்கு வெளியே அவ்வளவாகக் கிடைக்காது. அது தவிர, பெரிய ஊர் என்பதால் முழுச் சைவ உணவகங்களும் இருக்கின்றன.

சரகோசாவிலும் குறை இல்லாமலில்லை. குவெங்கா மாதிரி முதல் பார்வையில் அசத்தாது. பழைய ஊரை விட்டு நகர்ந்தால் சாதாரண அடுக்குமாடித் தெருக்கள். 2008 எக்ஸ்போ சர்வதேசக் கண்காட்சிக்காக ஆற்றோரம் கட்டிய கட்டடங்கள் கட்டடக்கலை ஆர்வலர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் வெறிச்சென்று இருக்கும். அப்புறம் சியெர்சோ. வடமேற்கிலிருந்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியே வீசும் வறண்ட காற்று. குளிர்காலத்தில் பாலத்தின் மேல் ஆளைத் தள்ளும், காது மூடாமல் வெளியே வர முடியாது. கோடையில் வெயில் காசெரெஸுக்குச் சளைத்ததில்லை. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் பின்பாதி நல்லது. அக்டோபர் 12ஐ ஒட்டிய வாரம் பிலார் திருவிழா. சதுக்கத்தில் மலைபோல் பூ குவியும் காட்சிக்காகப் போகலாம், அறை வாடகை எகிறியிருக்கும்.

முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு, மொழி தெரியாதவருக்கு, இரண்டு இரவு தங்கப் போகிறவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது சரகோசா. ஏற்கெனவே ஸ்பெயின் பார்த்தவர், பேச ஆளில்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர், அல்லது மாட்ரிடிலிருந்து கலீசியா, சந்தியாகோ பக்கம் போகிறவர் சமோராவில் ஓர் இரவு இறங்குங்கள். அதே ரயில் பாதைதான். இரண்டாவது இரவு வேண்டாம். குவெங்காவுக்குப் பெட்டியை மாட்ரிடிலேயே விட்டுவிட்டுக் காலையில் போய் வாருங்கள்.

சரகோசாவில் அறை எடுக்கும்போது விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பிலாருக்கும் எல் தூபோவுக்கும் நடக்கும் தூரத்தில் எடுங்கள். தெலீசியாஸ் நிலையத்தின் பக்கம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அங்கே அகலச் சாலைகளும் வாகன நிறுத்தங்களும்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசித் தட்டை முடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும்.